அண்ணனை பஸ் ஏற்றிவிட்ட கதை

1

"…அதுவும் இல்லாம, நான் இல்லன்னா அவங்களுக்கு ஒரு உருளைக்கிழங்கு கூட ஒழுங்கா வேவாதுப்பா. அதான் சொல்றேன், இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேன்" என்றாள் மலர்.

வண்டி சிக்னலில் நின்றிருந்தது. இந்தப் பேச்சை அவள் வீட்டு வாசலில் பூட்ஸ் மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டாள். நான் காதில் வாங்கியது பாதியிலிருந்துதான். போன சனிக்கிழமை காலை அது. ஏப்ரல் மாதம். பனி உருகி ரோடெல்லாம் சகதி. எங்கள் வின்னிபெக் கனடாவின் நடுவில் இருக்கிற ஊர். தோசைக்கல் மாதிரி தட்டை. மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடு கூடக் கிடையாது.

மலர் எங்கள் ஒரே மகள். இங்கே ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அங்கே மாணவர்களின் சகோதரக் குழு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கல்லூரியின் கீழ்த்தளக் கூடத்தில் சூப் காய்ச்சி, தெருவில் இருப்பவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு போடுவார்கள். இரண்டு வருஷமாக அதற்கு இவள்தான் தலைவி. அந்தச் சனிக்கிழமை முடிவதற்குள் அடுத்த தலைவர் யார் என்று கல்லூரியில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குழு கிடையாது, கூடமும் கிடையாது. யாரைக் கேட்டாலும், "நீயே இரேன் மலர், நீ நல்லாப் பண்றே" என்கிறார்களாம்.

இவளுக்கோ ஹேலிஃபாக்ஸில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விமானத்தில் போனாலே அரை நாள். ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா என்று அந்தக் கல்லூரிக்கு ஒரு போன் செய்தால் போதும். அந்த போனை இன்னும் செய்யவில்லை. சூப் முடிந்ததும் செய்வதாக இருந்தாள்.

உண்மையைச் சொன்னால், அவள் ஒரு வருஷம் இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஒன்பது வருஷம் இருந்தாலும் இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன்.

"கேளு. ஆனா அந்த மலைக் கதைய மட்டும் ஆரம்பிச்சிடாதப்பா. எனக்கு அது மனப்பாடமே ஆயிடுச்சு."

சிக்னல் பச்சையானது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். ஆகவே அந்தக் கதையை அவளிடம் சொல்லத் தடை. உங்களிடம் சொல்லத் தடை எதுவும் இல்லை.

2

அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் சக்திவேல். எலவனாசூர்கோட்டைப் பக்கம். அப்பா கோவிந்தன், கூலி வேலை. இந்த நாட்டுக்கு வந்தபோது குடும்பப் பெயர் என்ன என்று ஆபீசில் கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை என்பதால் அப்பா பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் கோவிந்தன். வங்கியில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும். அப்பாவை அவர் ஆயுசில் யாரும் ஒரு 'ங்க' சேர்த்துக் கூப்பிட்டதில்லை. இங்கே தினமும் அவரை மிஸ்டர் போட்டுக் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்ப்பது நான்.

பி.ஏ.வில் இரண்டு பேப்பர் இன்னும் பாஸாகாமல் நிற்கிறது. மற்றபடி நான் படித்ததெல்லாம் வண்டியில் காத்திருந்த நேரத்தில் படித்தது. ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். வண்டி ஓடும்போது டிரைவர் பேசக் கூடாது என்பது விதி. என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் கொடுமை புரியும். என் மனைவி பிரேமா சின்னசேலத்துக்காரி. "உங்க வாய்க்கு லீவுன்னா அது பல் டாக்டருகிட்ட போற அன்னிக்குத்தான்" என்பாள்.

அவசரத்தில் எனக்கு ஆங்கிலம் வராது. ஒருநாள் வளைவில் பிள்ளைகள் எழுந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டேய், உக்காரு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதிலிருந்து அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் "உக்காரு" என்றுதான் அதட்டிக்கொள்கிறார்கள். பொன்முடியும் நீலக்கண்ணுமாக. டிரைவர்கள் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளை மட்டும் பயன்படுத்தவும் என்று டிப்போவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். யாரைச் சொல்கிறது என்று போடவில்லை. மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

3

இனி கதை.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் பாதர்கள் நடத்திய கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் டின் பெட்டியோடு இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். மூன்று பேர் வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். திருடர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். ஓடியவன் கல்லூரி ஹாஸ்டலில் போய் நின்றேன். அவர்கள்தான் சகோதரர் வட்டம்.

கிராமத்திலிருந்து வருகிற முதல் தலைமுறைப் பையன்களை பஸ் ஸ்டாண்டில் பிடிப்பது, ஹாஸ்டலில் சேர்த்துவிடுவது, சாயங்காலம் இங்கிலீஷ் பாடம் சொல்லித் தருவது, வருஷத்துக்கு ஒரு முறை கல்வராயன் மலைக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நாள் நடத்துவது. இவ்வளவுதான் வட்டத்தின் வேலை. வட்டத்தில் பாதிக்கு மேல் எங்களைப் போல மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். வட்டத்துக்குப் பொறுப்பாளர் சவரி பாதர். மதத்தைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். "ஜெபம் தெரியாதவன் பாத்திரம் கழுவட்டும். ஜெபம் தெரிஞ்சவனும் கழுவட்டும்" என்றார்.

வட்டத்தின் தலைவனுக்கு 'அண்ணன்' என்று பெயர். வயதில் மூத்தவன் கூட அவனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த அண்ணனைத் தேர்தல் வைத்து எடுப்பதில்லை. அதற்கு சவரி பாதர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மலைக்குப் போகிற நாளன்று பழைய அண்ணன் பேசக் கூடாது. காலையில் பஸ் ஏறியதிலிருந்து சாயங்காலம் கல்லூரி வாசலுக்குத் திரும்புகிற வரை ஒரு வார்த்தை கூடாது. கை காட்டுவதும் கூடாது. கடைசி ஆளாக நடந்து வர வேண்டும். அன்றைக்கு யார் அண்ணன் வேலையைப் பார்க்கிறானோ அவன்தான் அடுத்த அண்ணன்.

பழைய அண்ணன் தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டால்? புது அண்ணன் கிடையாது. அண்ணன் இல்லாத வட்டம் கலைந்த வட்டம். அறைச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அந்த அறையின் மேல் விளையாட்டு சாருக்கு ரொம்ப நாளாகக் கண். வாலிபால் நெட் போட இடம் இல்லையாம்.

மூன்றாம் வருஷம் நான் அண்ணன். மலைக்குப் போகிற நாள் நெருங்கியதும், நான் பேசாமல் இருப்பேனா என்று வட்டத்தில் கேட்டதற்கு எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "சக்தி அண்ணன் வாய மூடிக்கினு மலை ஏறறதா? சாவிய இப்பவே குடுத்துடலாம்."

4

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். ஒரு டஜன் பேர் இருந்தோம். கயிறு இழுக்கும் போட்டிக்கு ஒரு வடம், இரண்டு பந்து, பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய தூக்குப் போணி நிறைய புளிசாதம். போணியைத் தூக்கி வந்தவன் ஏழுமலை. களமருதூர்க்காரன், குத்தகை நிலத்தில் நெல் வைக்கிற வீடு. அவனுக்குப் பிடித்த வேலை முணுமுணுப்பது. "இன்னா இருந்தாலும் என் தலையிலதான் கட்றீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தூக்குவான். அடுத்த அண்ணன் என்று எல்லோரும் நினைத்திருந்தது அவனை அல்ல, மரியநாதனை. மரியநாதன் மேடைப் பேச்சில் பரிசு வாங்குகிறவன். தண்ணீர் கேட்டால் கூட முன்னுரை சொல்லிவிட்டுத்தான் கேட்பான்.

வெள்ளிமலைக்கு முந்தைய நிறுத்தத்தில் ஒரு பலாமரத்தடியில் இறங்கினோம். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் நாங்கள் போகவேண்டிய ஊர். பிள்ளைகள் காலையிலேயே தலை வாரிக்கொண்டு காத்திருப்பார்கள். போன வருஷம் இதே கும்பல்தான் வந்தது. ஆனால் அவ்வளவு பேரும் எனக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தவர்கள். வழியை ஒருத்தன் கூடப் பார்க்கவில்லை.

பலாமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மழை வரும்ங்கறாரு" என்றான் ஒருவன். எல்லோரும் மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். மேகமே இல்லை.

செருப்பு வார் நழுவியிருந்தது. குனிந்து மாட்டினேன். குனிந்தது வசதியாக இல்லாததால் உட்கார்ந்தேன். மரியநாதன் முகம் மலர்ந்தது.

"தோழர்களே, அண்ணன் உட்கார்ந்துட்டார். இதற்கு என்ன பொருள்? முதலில் உணவு, பிறகு பயணம்!"

போணியைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கான புளிசாதம்! மணி ஒன்பதரை கூட ஆகவில்லை. எனக்குக் கண்கள் பிதுங்கின. கை காட்டக் கூடாது என்பதால் தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.

"அண்ணன் தனக்கு வேணாம்ங்கறாருடா. பெரிய மனசு. அவருக்கு ரெண்டு கரண்டி ஜாஸ்தி வை."

வைத்தார்கள். எழுந்து நின்றால் எழுந்து நின்றார்கள். தும்மினால் வலது பக்கம் நாலடி நடந்தார்கள். தும்மலுக்கும் வலதுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவுமே செய்யாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். கை பின்னால் இருப்பதால் திரும்பிப் போகச் சொல்கிறேன் என்று இரண்டு பேர் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று வருஷம் ஓயாமல் பேசியபோது இவர்கள் என் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

மரவள்ளிக்கிழங்குக் கட்டோடு மலைக்காரப் பெண் ஒருத்தி அந்த வழியாக வந்தாள். சுமையை இறக்காமலே நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"இவரு ஊமையா?" என்று ஏழுமலையைக் கேட்டாள்.

"இன்னிக்கு மட்டுந்தாம்மா."

"பாவம். ஒருத்தரு ஊமைன்னதுக்கு இத்தினி பேருக்கு மூளை நின்னு போச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏழுமலை அவள் போவதைப் பார்த்தான். மூடியைப் பிடுங்கிப் போணியின் மேல் போட்டு அமுக்கினான். பிறகு நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இங்க நிக்கற வரைக்கும் இவனுங்க உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பானுங்க. நீங்க வூட்டுக்குப் போங்க."

நான் அசையவில்லை.

"இன்னா, புரியலையா? கீழ போற பஸ்ஸு இப்ப வரும். ஏறிப் போயிடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"ஏழுமலை! அண்ணனையே விரட்டுறியா? இது முறையா?" என்றான் மரியநாதன்.

"நீ அந்த வடத்தத் தூக்கு மொதல்ல" என்றான் ஏழுமலை.

மரியநாதன் வடத்தைத் தூக்கினான். எதற்குத் தூக்கினோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

5

பஸ் வந்தது. ஏழுமலை கையைப் போட்டு நிறுத்தினான். என்னை ஏற்றிவிட்டு, வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். மாட்டை ஓட்டிவிடுகிற மாதிரி.

"எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

காசை நீட்டினேன்.

"ஊரு சொல்லுய்யா. வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

காசை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, காசு எது வரைக்கும் போகுமோ அது வரைக்கும் டிக்கெட் கிழித்தார். நல்லவேளை, கள்ளக்குறிச்சி வந்தது.

ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை முன்னால் நடக்க, எல்லோரும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் பின்னால் பார்க்கவில்லை. போனது வலது பக்கப் பாதையில்.

தப்பான பாதை.

தலையை வெளியே நீட்டி ஒரே ஒரு கத்துக் கத்தினால் போதும். "லெஃப்ட்டுடா!" அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை வாய்க்குள் உருண்டது. கத்தினால் பாதை சரியாகும், பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள், சாவி ஆபீசுக்குப் போகும். அடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் டின் பெட்டியோடு நிற்கிற பையனின் பெட்டியை யாரும் பிடுங்க மாட்டார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் வேண்டுமா என்று கேட்டார். வாந்தி வருகிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. வளைவுகள் முடிந்து கோமுகி அணை தெரிகிற வரை துண்டு வாயிலேயே இருந்தது.

6

மத்தியானம் நான் தனியாக வந்து இறங்கியதை சவரி பாதர் பார்த்துவிட்டார். கல்லூரி வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"துரத்திட்டாங்களா?" என்றார்.

வாசலை இன்னும் தாண்டவில்லை. தலையை ஆட்டினேன்.

"உள்ள வாப்பா. உள்ள வந்து பேசு."

உள்ளே வந்து, காலையிலிருந்து சேர்ந்திருந்த எல்லாவற்றையும் பேசினேன். மழை, புளிசாதம், தும்மல், கிழங்குக்காரி, வலது பாதை. அவர் செடிகளையெல்லாம் முடித்துவிட்டு, நனைத்ததையே திரும்பவும் நனைத்தார்.

"யாரு துரத்துனது?"

"ஏழுமலை, பாதர்."

"அப்ப அவன்தான்."

"தப்பான வழியில கூட்டிக்கினு போறான் பாதர்!"

"போனா திரும்பி வருவான். வழிய ஒருத்தனுக்குக் கத்துக் குடுத்துடலாம். உன்ன மாதிரி ஆள பஸ் ஏத்தி அனுப்ப யாராலயும் கத்துக் குடுக்க முடியாது."

இது பாராட்டா, திட்டா என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் சேர்வதற்கு முன்னால் இருந்த அண்ணன்களையும் இப்படித்தான் துரத்தினார்களா என்று கேட்டேன். "இல்ல. ஒருத்தன் பஸ்ஸுலயே தூங்கிட்டான். அவன் எறங்கறத மறந்துட்டான், இவனுங்க அவன மறந்துட்டானுங்க" என்றார்.

பொழுது சாய்ந்த பிறகு கும்பல் வந்து சேர்ந்தது. சட்டையெல்லாம் செம்மண். வலது பாதையின் முடிவில் வேறு ஒரு ஊர் இருந்ததாம். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம். வெளியாள் யாரும் வராத இடம். வந்ததே வந்தாச்சு என்று விளையாட்டு நாளை அங்கேயே நடத்திவிட்டார்கள். மிச்சமிருந்த புளிசாதம் போதாமல், அந்த ஊர்க்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்துப் போட்டார்கள். கயிறு இழுத்ததில் மரியநாதன் அணி பிள்ளைகளிடம் தோற்றது.

தலை வாரிக் காத்திருந்த பிள்ளைகள்? ஏமாந்தார்கள். அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த வாரம் ஏழுமலை வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போய், அந்த ஊர் வாத்தியாரிடம் திட்டு வாங்கி, அங்கேயும் ஒரு விளையாட்டு நாள் நடத்திவிட்டு வந்தான். "இன்னா இருந்தாலும் என் தலையிலதான்" என்றான். அதற்கப்புறம் வட்டம் வருஷா வருஷம் இரண்டு ஊருக்கும் போனது. அறைச் சாவி ஆபீசுக்குப் போகவில்லை.

7

சனிக்கிழமைக்கு வருவோம்.

மலரை இறக்கிவிட்டு, வண்டியைக் கூடத்து ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினேன். வழக்கமாக நானும் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன். அன்று, "உள்ள வந்தா நீ பேசுவ" என்று அவள் என்னை வண்டியிலேயே விட்டுவிட்டாள். கீழ்த்தளம் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. ஜன்னல் வழியாகத் தலைகளும் கைகளும் தெரியும், பேச்சு கேட்காது.

உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். அவள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பையன் வெங்காயத்தை ஒரு கையிலும் கத்தியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் வெட்டினான். இன்னொருத்தி உப்பு டப்பாவோடு வந்து நின்றாள். எனக்குப் பலாமரம் ஞாபகம் வந்தது. ஆனால் நான் வண்டியில் இருந்தேன். எனக்குத் தடை இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் அப்படியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றும் ஒரு மனசு சொன்னது. அவன் பார்க்கும் வரை இவள் ஹேலிஃபாக்ஸ் போக மாட்டாள். அவள் அறையின் ஹீட்டரை நான் நிறுத்த வேண்டியதில்லை. பிரேமா சாயங்காலம் மூன்று டம்ளரில் காபி ஆற்றுவாள்.

கொஞ்ச நேரம் ரேடியோ கேட்டேன். நிமிர்ந்தபோது, பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் மலரின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கரண்டியால் கதவைக் காட்டி ஏதோ சொன்னாள். மலர் பதில் சொன்னாள். தொப்பிக்காரி மறுபடியும் கதவைக் காட்டினாள்.

மலர் வெளியே வந்தாள். போனில் ஏதோ தட்டிக்கொண்டே சகதியைத் தாண்டி வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் டாக்டருக்கு போன் போட்டிருப்பாள்.

"அவ பேரு ஹன்னா" என்றாள் மலர். "எதுக்கெடுத்தாலும் குறை சொல்லிக்கினே இருப்பா. நீ நின்னா இவங்க யாரும் யோசிக்க மாட்டாங்க, வெளிய போன்னு சொல்றா. என்னையே."

"ம்."

"அவ பேரையே குடுத்துட்டேன்பா."

"ம்."

"ஹேலிஃபாக்ஸுக்கு போன் பண்ண வேணாம் இனிமே. செப்டம்பர்ல போறேன்."

"சரிம்மா."

"அந்தக் கதைய இப்ப சொல்லாத."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

சாவியைத் திருப்பினேன். ஜன்னலுக்குள்ளே ஹன்னா சூப் பானையைத் தப்பான அடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பு எரியாது. இரண்டு வருஷமாக எரியாது. இரவுச் சாப்பாட்டின்போது எங்கள் வீட்டில் பலமுறை பேசப்பட்ட அடுப்பு அது. மலர் அதைப் பார்த்துவிட்டாள். உடம்பு முன்னால் போனது. கை கதவுப் பிடிக்குப் போய் அதைப் பற்றியது.

நான் வண்டியை எடுக்காமல் காத்திருந்தேன்.

பிடியை விட்டாள். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.